வாட்டர் சர்வீஸ் கடை விலைக்கு வருதா? கல்லாவை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க!

சென்னை:
"வாட்டர் சர்வீஸ் கடை விற்பனைக்கு. நல்ல ஓட்டத்தில் உள்ளது. ஊருக்குப் போவதால் கொடுக்கிறோம்." இப்படி ஒரு அறிவிப்பு கண்ணில் பட்டால் போதும். சொந்தமா ஒரு தொழில் செய்யணும் என்று நினைக்கிற டிரைவர், மெக்கானிக், வளைகுடா நாட்டில் இருந்து திரும்பியவர் எல்லோருக்கும் ஆசை வந்து விடும். பெரிய படிப்பு வேண்டாம். சரக்கு தேங்காது. கடன் சொல்ல மாட்டார்கள். தினமும் கையில் காசு புரளும்.

சேர்த்து வைத்தது, மனைவியின் நகை, வட்டிக்கு வாங்கியது எல்லாத்தையும் போட்டு கடையை வாங்குகிறார்கள். ஆறே மாதத்தில் கையை சுட்டுக் கொண்டு, அதே "நல்ல ஓட்டத்தில் உள்ளது" பேப்பரை இவர்களே ஒட்டும் நிலை சிலருக்கு வந்து விடுகிறது.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு போன்ற இடங்களில் கடை வாங்குவதும் விற்பதும் மற்ற ஏரியா மாதிரி கிடையாது. இங்கே இடம் தங்கம். தண்ணீர் அதை விட தங்கம். விற்பவர் சொல்லும் விலை நியாயம்தானா என்று கண்டுபிடிப்பது எப்படி? விவரம் வருமாறு:-

காசு கொடுத்து என்ன வாங்குறீங்க?

முதலில் இதை தெளிவு பண்ணிக் கொள்ள வேண்டும். மனை வேறு ஒருவருடையது. ஷெட் பெரும்பாலும் தகரம். அப்படியென்றால் 10 லட்சம், 12 லட்சம் என்று கேட்பது எதற்கு?

அதில் மூன்று பங்கு இருக்கிறது. ஒன்று, பொருட்கள். இரண்டு, ஹவுஸ் ஓனரிடம் இருக்கும் அட்வான்ஸ். மூன்றாவது, "கடை பேருக்கு" என்று கேட்கும் தொகை. அதாவது வாடிக்கையாளர், பழக்கம், இடத்தின் ராசி. பேரம் எல்லாம் இந்த மூன்றாவதில்தான். ஆனால் விற்பவர்கள் மூன்றையும் சேர்த்து ஒரே தொகையாகத்தான் சொல்வார்கள். பிரித்து சொல்லச் சொல்லி கேட்டால் பாதி விஷயம் அங்கேயே வெளிச்சத்துக்கு வந்து விடும்.

பொருள் என்றால் பிரஷர் பம்ப், கம்ப்ரசர், லிப்ட், வேக்குவம் கிளீனர், நுரை அடிக்கும் டேங்க், தண்ணீர் தொட்டி. இதெல்லாம் வாங்கிய அன்றே பாதி விலைக்கு இறங்கும் சாமான்கள். லிப்டில் ஒரு வண்டியை ஏற்றி அரை மணி நேரம் அப்படியே விட்டுப் பாருங்கள். மெல்ல மெல்ல கீழே இறங்கினால் சீல் போய் விட்டது என்று அர்த்தம். கம்ப்ரசர் டேங்க் அடியில் உள்ள வால்வை திறந்து விட்டால் செந்துரு கலந்த தண்ணீர் கொட்டுகிறதா என்று பாருங்கள். உள்ளே துரு பிடித்த டேங்க் வெடித்தால் ஆளையே கொல்லும். இந்த விஷயத்தில் தயவு தாட்சண்யம் வேண்டாம். தெரிந்த மெக்கானிக்கை கூட்டிக் கொண்டு போய், தனித்தனியாக செகண்ட் ஹேண்ட் விலை போட்டு எழுதிக் கொள்வது நல்லது.

சனி, ஞாயிறு வந்து பாருங்க சார்!

விற்பவர்கள் வழக்கமாக சொல்வது இது. சனி, ஞாயிறில் எந்தக் கடையிலும் வண்டி நிற்கும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய் எதிர் டீக்கடையில் உட்கார வேண்டும். ஒரு நாள் அல்ல, பத்து நாள். அதிலும் விற்பவர் சொல்லி வைத்து கூட்டாளிகள் வண்டியை வரவழைத்து விட்டால் என்ன செய்வது? அதற்கும் வழி இருக்கிறது.

பொய் சொல்லத் தெரியாத சாட்சிகள் கடைக்குள்ளேயே இருக்கின்றன. மின்வாரிய பில், ஷாம்பு வாங்கிய பில், லாரி தண்ணீர் ரசீது, யு.பி.ஐ. வழியாக வந்த பணத்துக்கான வங்கி ஸ்டேட்மென்ட். குறைந்தது ஒரு வருட கணக்கு கேட்க வேண்டும். இவற்றில் ஒன்றை மாற்றலாம். நாலையும் ஒன்றுக்கொன்று பொருந்துகிற மாதிரி மாற்றுவது கஷ்டம்.

உதாரணத்துக்கு, தினமும் 12 காரும் 20 பைக்கும் வருகிறது என்று விற்பவர் சொல்கிறார். ஒரு காருக்கு தோராயமாக 200 லிட்டர், பைக்குக்கு 60 லிட்டர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 3 ஆயிரத்து 600 லிட்டர். மாதம் 26 நாளுக்கு 93 ஆயிரத்து 600 லிட்டர். போரில் தண்ணீர் இல்லாத மாதத்தில் 9 ஆயிரம் லிட்டர் லாரி 10 லோடாவது வந்திருக்க வேண்டும். ரசீது 4 லோடுக்குத்தான் இருக்கிறது என்றால் வண்டி எண்ணிக்கையும் அந்த அளவுதான்.

வருமான வரி ரிட்டர்னை காட்டினால் அதை மட்டும் நம்பி விடக் கூடாது. சிறு தொழில் செய்பவர்கள் முழு கணக்கு எழுதாமல், மொத்த வரவில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்ததற்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டி வரி கட்ட சட்டத்திலேயே வழி உண்டு. எனவே அதில் உள்ள லாபம் நிஜ லாபமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. "ரிட்டர்ன்ல கம்மியாத்தான் காட்டியிருக்கோம், நிஜத்துல டபுள்" என்று சொல்வார்கள். நிஜத்தில் டபுள் என்றால் அந்த டபுளுக்கு கரண்ட் பில்லும் தண்ணீர் ரசீதும் எங்கே என்று திருப்பி கேட்க வேண்டியதுதான்.

பெரிய கம்பெனியிலேயே இந்த கதை

சின்னக் கடையில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். கார் சர்வீஸ், கிளீனிங் எல்லாம் செய்து தரும் கோமெக்கானிக் என்ற கம்பெனியை வட இந்தியாவில் ஆரம்பித்து பல ஊர்களுக்கு விரித்தார்கள். உலகப் பெரிய முதலீட்டாளர்கள் எல்லாம் பணம் போட்டிருந்தார்கள். மேலும் முதலீடு போடுவதற்கு முன்னால் கணக்கை துருவிய போதுதான் வண்டவாளம் தெரிந்தது. 2023 ஜனவரியில், வரவு கணக்கை காட்டியதில் தவறு செய்து விட்டோம் என்று அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரே பகிரங்கமாக ஒப்புக் கொண்டார். சுமார் 70 சதவீத ஊழியர்களுக்கு வேலை போனது. அதே வருடம் கம்பெனி வேறு கைக்கு மாறியது.

படித்த ஆடிட்டர்கள் சுற்றி இருந்த இடத்திலேயே இந்த கதி. நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதிய கணக்கை காட்டி விலை பேசும் இடத்தில் எத்தனை உஷாராக இருக்க வேண்டும்?

55 ஆயிரம் நிக்கும் என்றால்...

இப்போது மேலே சொன்ன அதே கடையை எடுத்துக் கொள்வோம். இது உதாரண கணக்குதான். தொகை இடத்துக்கு இடம் மாறும், ஆனால் போடும் முறை மாறாது.

காருக்கு ரூ.500, பைக்குக்கு ரூ.120 என்றால் ஒரு நாள் வரவு ரூ.8 ஆயிரத்து 400. மாதம் 26 நாளுக்கு ரூ.2 லட்சத்து 18 ஆயிரத்து 400. செலவு? வாடகை 50 ஆயிரம். 4 பையன்களுக்கு சம்பளம் தலைக்கு 16 ஆயிரம் வீதம் 64 ஆயிரம். கரண்ட் 14 ஆயிரம். தண்ணீர் 12 ஆயிரம். ஷாம்பு, டீசல், துணி வகையறா 14 ஆயிரம். ரிப்பேர் 6 ஆயிரம். சில்லறை செலவு 5 ஆயிரம். மொத்தம் ரூ.1 லட்சத்து 65 ஆயிரம். மிச்சம் ரூ.53 ஆயிரத்து 400. "மாசம் 55 ஆயிரம் நிக்கும் சார்" என்று விற்பவர் சொன்னது சரியாகத்தானே இருக்கிறது?

அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். மழையை மறந்து விட்டார்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் வடகிழக்கு பருவமழை. வானம் மூடியிருந்தால் யார் காரை கழுவக் கொண்டு வருவார்கள்? இரண்டு மாதம் வியாபாரம் பாதியாக குறைந்தால் வருட வரவில் ஒரு மாத வரவு அப்படியே காணாமல் போகும். மீதி ரூ.24 லட்சத்து 2 ஆயிரத்து 400. செலவில் ஷாம்பு, தண்ணீர் வகையில் ஒரு 30 ஆயிரம் மிச்சமாகும். வாடகையும் சம்பளமும் மழைக்காக குறையாது. எனவே வருட செலவு ரூ.19 லட்சத்து 50 ஆயிரம். நிற்பது ரூ.4 லட்சத்து 52 ஆயிரத்து 400. மாதக் கணக்கில் 38 ஆயிரம் கூட இல்லை.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. காலை 7 மணிக்கு வந்து ராத்திரி 9 மணி வரை ஓனரே நின்றால்தான் இந்தக் காசு. அவருக்கு பதில் ஒரு ஆளை போட்டால் மாதம் 25 ஆயிரமாவது தர வேண்டும். வருடம் 3 லட்சம். அதை கழித்தால் தொழிலின் உண்மையான லாபம் ரூ.1 லட்சத்து 52 ஆயிரத்து 400 மட்டும்தான். வேலையை விட்டுவிட்டு தானே நிற்கப் போகிறவருக்கு ஒரு விலை, ஆளை வைத்து நடத்தப் போகிறவருக்கு வேறு விலை என்று சொல்வது இதனால்தான்.

இன்னும் முடியவில்லை. வருட வரவு ரூ.20 லட்சத்தை தாண்டினால் சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். கார் கழுவும் சேவைக்கு வரி 18 சதவீதம். வருடம் ரூ.50 லட்சத்துக்குள் வியாபாரம் செய்பவர்கள் தொகுப்பு முறையில் 6 சதவீதம் கட்டலாம். ஆனால் அதை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்க முடியாது, கைக்காசில் இருந்துதான் கட்ட வேண்டும். நம் உதாரணக் கடைக்கு 6 சதவீதம் என்றால் ரூ.1 லட்சத்து 44 ஆயிரத்து 144. ஓனர் தானே நின்று உழைத்தாலும் கையில் மிஞ்சுவது வருடம் ரூ.3 லட்சத்து 8 ஆயிரத்து 256. மாதம் ரூ.25 ஆயிரத்து 688.

12 லட்சத்தையும் 2 வட்டிக்கு வாங்கி இந்தக் கடையில் போட்டால் மாத வட்டி மட்டும் 24 ஆயிரம். மிச்சம் ரூ.1,688. அதற்கு பேசாமல் டிரைவர் வேலையிலேயே இருந்திருக்கலாம்.

அப்போ என்ன விலைதான் தரலாம்?

12 லட்சம் கேட்கிறார். அதில் 5 லட்சம் ஹவுஸ் ஓனரிடம் உள்ள 10 மாத அட்வான்ஸ். பொருட்கள் செகண்ட் ஹேண்டில் இரண்டரை லட்சம் பெறும் என்று வைப்போம். மீதி நாலரை லட்சம்தான் "கடை பேருக்கு". அதாவது ஓனர் தானே நின்று உழைத்து, ஜி.எஸ்.டி.யும் கட்டாமல், ஒரு வருடம் முழுக்க எடுக்கும் தொகை. ஜி.எஸ்.டி. கட்டினால் ஏறக்குறைய ஒன்றரை வருட உழைப்பு.

அமெரிக்காவில் சின்ன தொழில்களை ஓனர் வருட வருமானத்தைப் போல 2 மடங்கு, 3 மடங்கு என்று விலை பேசுவது வழக்கம். பெரிய கார் வாஷ் கம்பெனிகளுக்கு இன்னும் அதிகம். காரணம், அங்கே மாதச் சந்தா கட்டி எத்தனை தடவை வேண்டுமானாலும் கழுவிக் கொள்ளும் முறை. மழை பெய்தாலும் சந்தா வந்து விடும். அங்கேயும் எல்லாம் ஜெயம் இல்லை. 260-க்கும் மேற்பட்ட கிளைகள் வைத்திருந்த ஜிப்ஸ் என்ற கார் வாஷ் கம்பெனி கடன் சுமை தாங்காமல் 2025 பிப்ரவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்கு போனது.

நம் ஊர் கதைக்கு வருவோம். சந்தா கிடையாது, 11 மாத அக்ரிமென்ட், பாதி வாடிக்கையாளர் ஓனர் முகத்துக்காக வருகிறவர்கள். இப்படிப்பட்ட கடைக்கு ஒரு வருட வருமானத்துக்கு மேல் "பேருக்கு" தருவது அதிகம். பக்கத்தில் உள்ள ஆபீஸ்கள், டிராவல்ஸ்காரர்களுடன் மாதாந்திர கணக்கு எழுத்துபூர்வமாக இருந்தால் கூட்டித் தரலாம். புதிதாக ஷெட் போட்டு, பம்ப், லிப்ட் வாங்கி கடை ஆரம்பிக்க எவ்வளவு ஆகும் என்றும் ஒரு கொட்டேஷன் வாங்கி வைத்துக் கொண்டால் பேரத்தில் நம் குரல் தானாக உயரும்.

ஹவுஸ் ஓனர்தான் எமன்

இந்த ஏரியாக்களில் கடை கவிழ்வது தண்ணீரால் என்பதை விட இடத்தால்தான் அதிகம். தி.நகரில் அரை கிரவுண்டு இடத்துக்கே கோடிக்கணக்கில் விலை. வாடகைக்கு விட்டால் மாதம் 50 ஆயிரம் வரும் மனையை, பில்டரிடம் ஜாயின்ட் வெஞ்சருக்கு கொடுத்தால் ஓனருக்கு அடுக்குமாடியில் நாலு வீடு கிடைக்கும். வாட்டர் சர்வீஸ் ஷெட் எல்லாம் ஓனர் பில்டரை தேடும் வரைக்கும்தான். இங்கே இருந்த பழைய சர்வீஸ் ஷெட்டுகள் பல பிளாட்டாக மாறியது அப்படித்தான்.

எனவே விற்பவருக்கு ஒரு ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஹவுஸ் ஓனரை பார்க்க வேண்டும். "நான் பேசிக்கிறேன் தம்பி, அவரு நம்ம அண்ணன் மாதிரி" என்று விற்பவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்து விடலாம். ஹவுஸ் ஓனர் புது அக்ரிமென்டை உங்கள் பெயரில் போட வேண்டும். பழைய அட்வான்ஸ் 5 லட்சம் இனி உங்களுக்குத்தான் திருப்பித் தரப்படும் என்று அதில் வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் 5 லட்சம் போச்சு. வாடகை பாக்கி என்று அதில் கழிக்கப் போகிறாரா என்பதையும் அப்போதே கேட்டுக் கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அதன்படி எழுத்துபூர்வ ஒப்பந்தம் அவசியம். ஓனர் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட முடியாது. கடையை வாங்கி விட்டு பழைய ஆள் பெயரிலேயே வாடகை கட்டிக் கொண்டிருப்பவர்கள் சட்டப்படி யாரோ ஒருவர்தான். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்ய வேண்டும். பதிவுச் செலவுக்கு பயந்து 11 மாதம் போடுகிறார்கள். 12 லட்சம் போட்டுவிட்டு 11 மாதத்துக்கு பயப்படாமல் இருப்பது எப்படி? 3 வருடமாவது பதிவு செய்த குத்தகை, இடத்தை விற்றாலும் 6 மாத நோட்டீஸ் என்று கேட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

மயிலாப்பூரில் இன்னொரு விஷயம். கபாலீசுவரர் கோவிலுக்கு அங்கே ஏராளமான மனைகள் உண்டு. கோவில் இடத்தில் உள்ள கடை என்றால் விற்பவருக்கு கை மாற்றி விட உரிமை இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. 1959-ம் வருட அறநிலையத்துறை சட்டப்படி 5 வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் அது செல்லாது. அனுமதி இல்லாமல் இருப்பவரை ஆக்கிரமிப்பாளர் என்று வெளியேற்றவும் துறைக்கு அதிகாரம் இருக்கிறது. கோவில் ஆபீசில் போய் வாடகை யார் பெயரில், பாக்கி எவ்வளவு என்று நேரில் கேட்காமல் பணம் கொடுப்பது கபாலி கண் முன்னாலேயே காசை குளத்தில் போடுவது மாதிரி.

தண்ணீர் இருக்கா, கணக்கு இருக்கா?

2019 கோடையை சென்னைவாசிகள் மறக்க மாட்டார்கள். ஏரிகள் வறண்டு, ஜூலை 12-ந்தேதி ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் வந்தது. குடிக்கவே லாரிக்கு கியூவில் நின்ற நேரத்தில் கார் கழுவுவதற்கு யார் தண்ணீர் தருவார்கள்? பெங்களூருவில் 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவ தடையே போட்டு ரூ.5 ஆயிரம் அபராதம் என்று அறிவித்தார்கள். சென்னையில் அடுத்த வறட்சியில் அப்படி வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அதனால் போர் எத்தனை அடி, கோடையில் எத்தனை மணி நேரம் தண்ணீர் கிடைக்கும் என்று ஏப்ரல், மே மாதத்தில் பார்ப்பதுதான் சரி. பெசன்ட் நகர் மாதிரி கடலோரப் பகுதியில் தண்ணீர் உப்பு ஏறியிருக்கலாம். உப்புத் தண்ணீரில் கழுவிய காரை வெயிலில் நிறுத்தினால் பெயின்டில் வெள்ளை வெள்ளையாக திட்டு விழும். வந்த வாடிக்கையாளர் இரண்டாம் தடவை வர மாட்டார். ஒரு கறுப்பு காரை கழுவி துடைக்காமல் காய விட்டாலே தண்ணீரின் லட்சணம் தெரிந்து விடும். இதற்கு டெஸ்ட் லேப் எல்லாம் தேவையில்லை.

சட்டமும் இருக்கிறது. 1987-ம் வருட சென்னை பெருநகர் நிலத்தடி நீர் சட்டப்படி, வீட்டு உபயோகம் தவிர்த்த மற்ற காரியங்களுக்கு நிலத்தடி நீர் எடுக்க லைசென்ஸ் வேண்டும். மாநகராட்சி தொழில் உரிமம் தனி. கழிவு நீருக்கு மாசு கட்டுப்பாட்டு வாரிய அனுமதி தனி. எண்ணெய், கிரீஸ், சேறு கலந்த தண்ணீரை அப்படியே மழைநீர் கால்வாயில் விட்டால் அது மாம்பலம் கால்வாய், பக்கிங்காம் கால்வாய், அடையாறு என்று போய்ச் சேரும். சேறு தங்கும் தொட்டி, எண்ணெய் பிரிக்கும் தொட்டி கட்டியிருக்கிறார்களா என்று மூடியை திறந்து பார்க்க வேண்டும். பாதிக் கடையில் மூடி மட்டும்தான் இருக்கும், கீழே தொட்டி இருக்காது. அதை கட்டும் செலவை விலையில் கழித்துக் கொள்ளலாம்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிச்சாங் புயலிலும் அந்த ஷெட்டில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று பக்கத்து கடையில் விசாரித்தால் உண்மையை சொல்வார்கள். மோட்டார் அந்த உயரத்துக்கு மேலே இருக்கிறதா?

மெட்ரோ வேலையும் மேம்பாலமும்

நேற்று வரை ஜே ஜே என்று இருந்த கடை, ரோட்டை ஒருவழிப்பாதை ஆக்கிய மறுநாளே ஈ ஓட்டும். மெட்ரோ ரெயில் 2-ம் கட்டப் பணிக்காக லஸ், மந்தைவெளி, பனகல் பார்க், அடையாறு பக்கம் எல்லாம் தடுப்பு வைத்து போக்குவரத்தை மாற்றி விட்டார்கள். தி.நகர் தெற்கு உஸ்மான் ரோட்டில் மேம்பால வேலை நடந்த காலத்திலும் இதே அவஸ்தைதான். வாசலில் தகரத் தடுப்பு நின்றால் கார்க்காரர் உள்ளே திரும்பவே முடியாது.

இந்த நேரத்தில் விற்பவர் "வேலை முடிஞ்சதும் பிச்சிக்கிட்டு போகும்" என்று நாளைய வியாபாரத்துக்கு இன்றே விலை கேட்பார். வேலை முடிந்ததும் வியாபாரம் கூடலாம். கூடவே வாடகையும் கூடும், ஹவுஸ் ஓனருக்கு பில்டர் ஆசையும் கூடும். இன்றைக்கு வருகிற வண்டிக்குத்தான் இன்றைக்கு விலை.

எதிரிலேயே கடை போட்டா?

வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். காசை வாங்கிக் கொண்டு "ஊருக்குப் போறேன்" என்று சொன்னவர், மூணு மாதத்தில் அடுத்த தெருவிலேயே புது ஷெட் போட்டு, பழைய வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் போன் போட்டு விடுவார். பையன்களும் அண்ணன் பின்னாலேயே போய் விடுவார்கள். வாங்கியவர் கையில் இருப்பது பம்பும் போர்டும்தான்.

இதற்கு சட்டத்தில் மருந்து இருக்கிறது. ஒருவரை தொழில் செய்யக் கூடாது என்று தடுக்கும் ஒப்பந்தம் பொதுவாக செல்லாது. ஆனால் 1872-ம் வருட இந்திய ஒப்பந்த சட்டத்தின் 27-வது பிரிவிலேயே இதற்கு விதிவிலக்கு உண்டு. தொழிலின் நற்பெயரை விற்றவர், குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலை செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் அது செல்லும், எல்லை நியாயமாக இருந்தால். "தமிழ்நாடு முழுக்க செய்யக் கூடாது" என்று எழுதினால் கோர்ட்டில் நிற்பது சந்தேகம். "இந்தக் கடையில் இருந்து 3 கிலோமீட்டருக்குள், 3 வருடத்துக்கு" என்று எழுதினால் பலம். பத்திரத்தில் "நற்பெயருக்கு இவ்வளவு ரூபாய்" என்று தொகையை தனியாக காட்டுவதும், கடை போன் நம்பரை மாற்றி வாங்குவதும் அவசியம். அந்த நம்பர்தான் பாதி கடை.

பையன்களிடம் முன்னாலேயே பேசி விடுவது நல்லது. அவர்களுக்கு பழைய ஓனர் தர வேண்டிய சம்பளம், தீபாவளி போனஸ் பாக்கி இருந்தால் யார் தருவது என்று அன்றே தீர்த்து விட்டால் தகராறு வராது. 14 வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள் வேலையில் இருந்தால் அந்தக் கடை பக்கமே போக வேண்டாம்.

பழைய பாக்கி தலையில் விழும்

ஜி.எஸ்.டி. சட்டப்படி, தொழிலை கை மாற்றும் நாள் வரைக்குமான வரி பாக்கிக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு. 24 லட்சம் வியாபாரம் செய்துவிட்டு பதிவே செய்யாதவரிடம் கடையை வாங்கினால் அந்த தலைவலியும் சேர்ந்து வரும். கரண்ட் பாக்கியும் அப்படித்தான். இடத்தை வாங்கிய புது ஆளிடம் பழைய மின் பாக்கியை வசூலிக்க விதி இருந்தால் வசூலிக்கலாம் என்று 2023 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. மீட்டர் வீட்டு இணைப்பா, வணிக இணைப்பா என்று பில்லை பார்த்து தெரிந்து கொள்ளுங்கள். வீட்டு கரண்டில் கம்ப்ரசர் ஓட்டிக் கொண்டிருந்தால் அபராதம் யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு நல்ல செய்தி. ஓடும் தொழிலை முழுசாக அப்படியே கை மாற்றினால் அந்த விற்பனைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. சாமான்களை மட்டும் தனியாக விற்றால் கதை வேறு. பத்திரம் எழுதும்போது இதை ஆடிட்டரிடம் கேட்டு எழுதினால் விற்பவருக்கும் லாபம்.

விற்பவருக்கும் ஆபத்து உண்டு

இதுவரை வாங்குபவர் கதை. விற்பவர்களும் ஏமாறுகிறார்கள். "இப்போ 6 லட்சம், மீதியை கடை ஓட்டி மாசா மாசம் தர்றேன் அண்ணே" என்று வாங்கியவர், நாலு மாதம் தந்து விட்டு நிறுத்தி விடுவார். கேட்டால் நீங்க சொன்ன மாதிரி வியாபாரம் இல்லை என்பார். பாக்கி வைத்து விற்பதாக இருந்தால் தேதி போட்ட செக்கும், பணம் முடியும் வரை லிப்ட், கம்ப்ரசர் விற்பவருக்கே சொந்தம் என்ற ஷரத்தும் வேண்டும்.

ரொக்கமாக வாங்குவதிலும் கண்டம் இருக்கிறது. 2017 ஏப்ரல் முதல் ஒரே பரிவர்த்தனைக்கு ரூ.2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம் விதிக்கலாம். கடையை விற்றவர்தான் இங்கே பணத்தை வாங்கியவர்.

நல்ல விலை வேண்டுமானால் விற்பதற்கு ஒரு வருடம் முன்னாலேயே வரவை எல்லாம் வங்கி வழியாக வாங்க ஆரம்பிக்க வேண்டும். பில் புத்தகம், தண்ணீர் ரசீது, ஷாம்பு பில்லை பைலில் போட்டு வைத்திருப்பவர் விலையை சொல்லிவிட்டு சும்மா உட்கார்ந்திருக்கலாம். வாயாலேயே கணக்கு சொல்பவர்தான் கடைசியில் வாங்குபவர் கேட்ட விலைக்கு இறங்கி வருகிறார்.

சாவி கை மாறும் அன்று மின் மீட்டர் ரீடிங்கை இரண்டு பேரும் போட்டோ எடுத்துக் கொள்வது வழக்கமாகி வருகிறது. ஹவுஸ் ஓனர் புது அக்ரிமென்டில் கையெழுத்து போட்ட பிறகுதான் கடைசி செக்கை நீட்ட வேண்டும். மின் இணைப்பு, தொழில் உரிமம், தொழில் வரி மூன்றிலும் அந்த வாரமே பெயர் மாற்ற மனு கொடுத்து ரசீது வாங்கி விட வேண்டும். சுவரில் ஒட்டியிருக்கும் பழைய ஓனரின் கியூஆர் கோடை முதலில் கிழித்துப் போடுங்கள். அது இருக்கும் வரைக்கும் நீங்கள் கழுவுகிற காருக்கான காசு அவர் கணக்குக்குத்தான் போய்க் கொண்டிருக்கும்.